பிரித்தெழுதுக: குறுக்கெழுத்துப் புதிர் பற்றிய வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வெளியான சொல்விளையாட்டுக் குறுக்கெழுத்தைத் தொடர்ந்து வன்னியின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. புதிரைக் காணாதவர்களுக்காக அதன் முக்கியமான குறிப்புகளை முதலில் தருகிறேன். அடைப்புக்குள் இருப்பது கட்டங்களின் எண்ணிக்கை.

‘பச்சைப் பறவை, ஆவி பிடிக்கும் இலைக்கு முன்னே அமர்ந்தது (5)’. ‘உடையோடு மலைநாட்டு நகர் சேர்ந்தார் (5)’. ‘மலர் சூடிய பட்டணம் (4)’. ‘வியப்பொலிக்குப் பின்னே மாட்டுக் கூட்டம் (4)’. ‘பசை தடவு, பின்னர் தோசை செய்தான் (7)’. இவற்றோடு, ‘தமிழ் வினாத்தாளில் அடிக்கடி காணும் கட்டளை (7)’ என்றொரு குறிப்பும் இருந்தது. மற்றவை யாவும் நேரடியாகப் பொருள் கேட்கும் சிறு சொற்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஒட்டுசுட்டான்: ஐயா, சனசமூக நிலையத்துக்கு வரும் நாளிதழின் குறுக்கெழுத்தை நாள்தோறும் நிரப்பி வருகிறேன். நேரடிக் குறிப்புகளில் எனக்குத் தடுமாற்றமில்லை. சொல்விளையாட்டைக் கருவாகக் கொண்ட புதிரென்றால் பாதியிலேயே நின்றுவிடுகிறேன். தங்கள் புதிரிலோ என் சொந்த ஊரின் பெயரே கடைசிவரை பிடிபடவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கருவைத் தேடிக்கொண்டு தொடங்காதீர்கள். பெரும்பாலானோர் நீளமான குறிப்பை முதலில் எடுத்து, அதன் தந்திரம் என்னவென்று நெடுநேரம் யோசித்து, களைத்துப்போய்ப் பத்திரிகையை மடித்து வைத்துவிடுகிறார்கள். நீளமான சொற்களிலேதான் அமைப்பாளர் தம் விளையாட்டை ஒளித்து வைப்பார். ஆகவே அவற்றை ஒதுக்கிவிட்டு, அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் இரண்டு, மூன்று எழுத்துச் சொற்களை நிரப்புங்கள். நீளமான சொல்லில் இரண்டு கட்டங்கள் நிரம்பியதும் தமிழ் இலக்கணம் உங்களுக்குத் துணைக்கு வரும்.

தமிழாசிரியரான உங்களுக்கு நான் நன்னூலைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் வகுப்பறையில் நாம் ஒப்பிக்க வைத்த விதிகள் இந்தக் கட்டத்துக்குள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு கட்டத்தில் ‘க்’, ‘ச்’, ‘த்’, ‘ப்’ ஆகியவற்றுள் ஒன்று விழுந்துவிட்டால், தமிழ்ச் சொல்லில் அடுத்த கட்டம் அதே மெய்யின் வரிசையைச் சேர்ந்ததாகத்தான் இருக்க முடியும். அதாவது 247 எழுத்துகளிலிருந்து ஒரே வீச்சில் 12 எழுத்துகளுக்கு வந்துவிடுகிறீர்கள். ‘ட்’டுக்கும் ‘ற்’றுக்கும் இவ்விதி அவ்வளவு இறுக்கமானதல்ல, ‘ஆட்கள்’, ‘முயற்சி’ என வேறு வல்லினமும் அவற்றைத் தொடரும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகள் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. புள்ளியெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்குவதில்லை என்பதால், மேலிருந்து கீழாகத் தொடங்கும் ஒரு சொல்லின் முதற்கட்டம், இடமிருந்து வலமாகச் செல்லும் சொல்லின் நடுவே இருந்தாலும், அங்கே புள்ளியெழுத்து இருக்காது. டொக்டரும் ரயிலும் லொறியும் இந்த ஒழுங்கைக் குலைக்கும். நாளிதழ்ப் புதிர்களில் அவை வருவதுமுண்டு. அதனால் இவ்விதிகளைப் பென்சிலால் எழுதும் துணிவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

இப்போது உங்கள் ஊருக்கு வருவோம். ஏழு கட்டங்களில் கடைசியில் ‘ன்’ இருக்கிறது என்று வையுங்கள். குறிப்பின் முடிவு ‘தோசை செய்தான்’. குறிப்பு ஆண்பால் வினைமுற்றாக முடிந்தால் விடையின் அந்தப் பகுதியும் ஆண்பால் வினைமுற்றாகவே இருக்க வேண்டும் என்பது நேர்மையான அமைப்பாளர் மீறாத ஒழுங்கு. தோசையை என்ன செய்வார்கள்? சுடுவார்கள். ‘சுட்டான்’ நான்கு கட்டங்களைப் பிடித்துக்கொள்ள, எஞ்சிய மூன்றுக்குள் ‘பசை தடவு’ என்ற ஏவல் அடங்க வேண்டும். ‘ஒட்டு’ வந்துவிட்டது. ஊர்ப்பெயரை அன்றாடம் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியவருக்கு அதனுள் இரண்டு வினைச்சொற்கள் இருப்பது தெரியாமற்போவது இயல்பே. வெளியூர் வாசகர்கள் சிலர் அதை உங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

உயர்தர மாணவி, கிளிநொச்சி: ‘கிளிநொச்சி’யைப் பார்த்தவுடன் கண்டுபிடித்தேன். ஆனால் ‘உடையோடு மலைநாட்டு நகர் சேர்ந்தார்’ என்பதற்குச் சேலை, சட்டை, வேட்டி என்று எத்தனையோ எழுதிப் பார்த்தேன். இப்படிப்பட்ட குறிப்பை எப்படி வாசிப்பது?

நீங்கள் அதை வாக்கியமாக வாசித்தீர்கள். அப்படி வாசிக்க வேண்டும் என்றே அது எழுதப்பட்டது. யாரோ ஒருவர் துணிமணிகளோடு பயணம் போகும் காட்சி உங்கள் மனதில் எழுந்துவிட்டால், அதற்குப் பிறகு ‘உடை’ என்பது ஆடையாக மட்டுமே தெரியும். சொல்விளையாட்டுக் குறிப்பை அவிழ்ப்பவர் முதலில் அந்தக் காட்சியைக் கலைக்க வேண்டும். பின்பு ஒவ்வொரு சொல்லையும் தனியே நிறுத்தி, அதற்கு வேறு என்ன பொருள் உண்டு, அது பெயரா வினையா என்று கேட்க வேண்டும். ‘உடை’ ஏவல் வினையானால் அதன் பொருள் ‘முறி’. ‘ஓடு’ என்பது இங்கே சேர்க்கச் சொல்லும் உருபு. மலைநாட்டு நகர் கண்டி. முறிகண்டி என எழுதி முடித்ததும் அங்குள்ள பிள்ளையார் கோவிலடியில் பேருந்தை நிறுத்தித் தேங்காய் உடைப்பதும் கச்சான் வாங்குவதும் உங்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும். ‘உடை’ என்ற சொல்லை நான் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வழக்கமான சொல்விளையாட்டுக் குறிப்பில் இரண்டு பாதிகள் இருக்கும். ஒன்று விடையின் நேர்ப்பொருளைத் தரும். மற்றது அந்த விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழியைச் சொல்லும். எடுத்துக்காட்டாக, ‘கலங்கிய நகரம், பாவிகள் சேருமிடம் (4)’ என்ற குறிப்பில் ‘பாவிகள் சேருமிடம்’ நேர்ப்பொருள். ‘கலங்கிய’ என்பது ‘நகரம்’ என்ற சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றச் சொல்கிறது. விடை ‘நரகம்’. நம் புதிரின் ஐந்து குறிப்புகளிலோ நேர்ப்பொருள் எங்கும் இல்லை. ‘ஏ9 வீதியில் ஓர் இடம்’ என்று நான் எழுதவில்லை. அந்த இடத்தை நிரப்புவதுதான் கருவின் வேலை. ஐந்தும் வன்னி ஊர்கள் என்பதைத் தெரிந்துகொண்டவுடன் ஐந்துக்கும் பொதுவான நேர்ப்பொருள் கிடைத்துவிடுகிறது. அவற்றை இரண்டாகப் பிளக்க வேண்டும் என்பதை ஆறாவது குறிப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. வினாத்தாளில் காணும் கட்டளை ‘பிரித்தெழுதுக’. அதைக் கண்டவர்களுக்குப் ‘பூ’வும் ‘நகரி’யும், ‘ஓ’வும் ‘மந்தை’யும் தாமாகவே பிரிந்திருக்கும்.

ஒரு சிறு உளவும் சொல்கிறேன். பெரும்பாலான குறுக்கெழுத்துக் கட்டங்களைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடங்களில் நிற்கும். ஆகவே கருச்சொற்கள் சோடி சோடியாக ஒரே நீளத்தில் எதிரெதிரே அமையும். கிளிநொச்சிக்கு எதிரே முறிகண்டி. பூநகரிக்கு எதிரே ஓமந்தை. ஒட்டுசுட்டானுக்கு எதிரே பிரித்தெழுதுக. ஒரு கருச்சொல்லைக் கண்டுபிடித்ததும் அதற்கு நேரெதிர் மூலையைப் பாருங்கள். அதுவும் பெரும்பாலும் கருச்சொல்லாகவே இருக்கும்.

அரச ஊழியர், முல்லைத்தீவு: வன்னி ஊர்கள் என்கிறீர்கள். எங்கள் மாவட்டத்தின் பெயரையே விட்டுவிட்டீர்களே? முல்லை, தீவு என்று அழகாகப் பிரிகிறதே!

பிரிகிறது. ஆனால் நடுவே ‘த்’ ஒன்று கையில் மிஞ்சுகிறது. முல்லைக்கும் அது சொந்தமில்லை, தீவுக்கும் சொந்தமில்லை. புணர்ச்சியில் வந்த ஒற்று. மற்ற ஐந்து ஊர்களும் ஓர் எழுத்துக் கூடாமலும் குறையாமலும் இரண்டாகப் பிளக்கும்போது, ஆறாவதாக வரும் ஊர் மட்டும் ஒற்றைக் கேட்டால், அவிழ்ப்பவர் தாம் கண்டுபிடித்த ஒழுங்கின்மேலேயே ஐயம் கொள்வார். இதே காரணத்தால் நெடுங்கேணியையும் வற்றாப்பளையையும் மாங்குளத்தையும் ஒதுக்கினேன். பூநகரியை வைத்து இதைவிடச் சுவையான குறிப்பு ஒன்று என்னிடம் இருந்தது: ‘மலருக்குப் பின்னே கதவின் முதலெழுத்தை விழுங்கிய தந்திர விலங்கு’. பூ, அதன்பின் ‘க’வை வயிற்றில் வைத்த நரி. அது விழுங்கும் விளையாட்டு, பிரிக்கும் விளையாட்டல்ல என்பதால் மனமில்லாமல் அதையும் விட்டேன். கருவுள்ள புதிரில் தனித்தனிக் குறிப்பின் அழகைவிட எல்லாக் குறிப்புகளும் ஒரே விதிக்கு அடங்குவதே பெரிது என்பது என் உறுதியான கருத்து.

மாவட்டம் விடுபடவுமில்லை. ஒட்டுசுட்டான் உங்கள் மாவட்டத்தில்தானே இருக்கிறது.

வாசகி, பரந்தன்: நாங்கள் ‘முறுகண்டி’ என்றே எழுதுகிறோம். விடை தவறாகுமா?

இரு வடிவங்களும் வழக்கில் உள்ளன. இரண்டையும் பெயர்ப்பலகைகளிலும் பத்திரிகைகளிலும் காணலாம். ஆகவே எது சரியான பெயர் என்று தீர்ப்புச் சொல்லும் இடம் இதுவல்ல. புதிரில் அதைத் தீர்ப்பது குறுக்கே வரும் சொல். இரண்டாவது கட்டத்தை மேலிருந்து கீழாக ‘எலிக்கு வைப்பது (2)’ என்ற குறிப்பு வெட்டிச் சென்றது. விடை ‘பொறி’ என்பதால் அங்கே ‘றி’ தவிர வேறெதுவும் பொருந்தாது. ‘முறி’ என்ற வினையும் அதையே வேண்டி நிற்கிறது. இரு விதமாக எழுதப்படும் சொல்லைக் கட்டத்தில் வைக்கும்போது, மாறுபடும் எழுத்தை இன்னொரு சொல் வெட்டுமாறு அமைப்பது அமைப்பாளரின் பொறுப்பு. நாளிதழ்ப் புதிர்களில் இந்தக் கவனம் பல நாட்களில் இருப்பதில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

வங்கி ஊழியர், வவுனியா: நம் நாளிதழ்களின் குறுக்கெழுத்தில் குறிப்பின் அருகே ‘குழம்பியுள்ளது’, ‘திரும்பியுள்ளது’ என்று அடைப்புக்குள் எழுதிவிடுகிறார்கள். இதுவும் சொல்விளையாட்டுத்தானா?

இல்லை. கட்டத்துக்குள் சொல் நேராகப் பொருந்தாதபோது அமைப்பாளர் எடுத்துக்கொள்ளும் சலுகை அது. பொருளைக் கண்டுபிடித்துவிட்டு, குறுக்கே வரும் எழுத்துகளைப் பார்த்து விடையைக் குலைத்து எழுதுகிறோம். குலைப்பதற்குப் பொருளோடு எந்தத் தொடர்பும் இல்லை. குலைந்த எழுத்துகள் இன்னொரு சொல்லாக நிற்பதுமில்லை. அதில் பழகிய வாசகர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுடைய காலைப் பொழுதைக் கெடுக்க நான் விரும்பவில்லை. ஆயினும் ‘நகரம்’ கலங்கி ‘நரகம்’ ஆகும்போது கிடைக்கும் மகிழ்ச்சி, ‘மல்லிகை’ குழம்பி ‘கைல்மலி’ ஆகும்போது கிடைப்பதில்லை.

‘திரும்பியுள்ளது’ என்பதையும் அடைப்புக்குள் போடாமல் குறிப்புக்குள்ளேயே வைக்க முடியும். ‘திரும்பி வாசி, ஈசனே! (2)’ என்று எழுதினால் போதும். ‘வாசி’யைத் திருப்பினால் ‘சிவா’. ஈசனை விளிப்பதும் அதுவே. இத்தகைய சோடிகள் தமிழில் அரிதாகவே கிடைக்கும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள். நாம் உயிர்மெய்யை உடைக்காமல் ஒரு கட்டத்துக்கு ஒன்றாக வைப்பதால், இடம் மாற்றியும் பொருள்படும் சொற்கள் குறைவு. அதற்கு ஈடாக நமக்கு ஒரு நன்மை உண்டு: குறுக்கே வந்த ஒரே ஒரு கட்டத்தில் ‘நொ’ இருந்தால், மெய்யும் உயிரும் சேர்ந்தே கிடைத்துவிடுகின்றன.

நூலக வாசகர், மல்லாவி: இந்த வகைப் புதிர்கள் வெளிநாட்டுச் சரக்குத்தானே? தமிழுக்கு இவை ஒட்டுமா?

கட்டம் வெளிநாட்டது. ‘நியூ யோர்க் வேர்ல்ட்’ பத்திரிகையின் ஞாயிறு இதழில் 1913 டிசம்பர் 21 அன்று ஆர்தர் வின் என்பவர் வைர வடிவில் ஒரு புதிரை வெளியிட்டார். இன்றைய குறுக்கெழுத்தின் தொடக்கமாக அதையே கொள்கிறார்கள். இலண்டன் ‘டைம்ஸ்’ 1930 பெப்ரவரி 1 முதல் குறுக்கெழுத்தை வெளியிடத் தொடங்கியது. வாக்கியத்துக்குள் வழியை ஒளித்து வைக்கும் முறை பிரித்தானியப் பத்திரிகைகளில்தான் முதிர்ச்சி அடைந்தது. ‘நியூ யோர்க் டைம்ஸ்’ 1942 இல் ஞாயிறு புதிரையும் 1950 இல் நாளாந்தப் புதிரையும் தொடங்கியது. அங்கே திங்கட்கிழமைப் புதிர் மிக எளிது; சனி வரை நாள் செல்லச் செல்லக் கடினமாகும். திங்கள் முதல் வியாழன் வரை பெரும்பாலும் ஒரு கரு இருக்கும். கட்டத்தின் வழக்கமான ஒழுங்கையே மீறும் குறும்புகள் பெரும்பாலும் வியாழக்கிழமைக்கு உரியவை.

ஆனால் விளையாட்டு நம்முடையதும்தான். தண்டியலங்காரத்தின் சொல்லணியியலில், சித்திரகவி வகைகளுள் ஒன்றாக ‘வினாவுத்தரம்’ சொல்லப்படுகிறது. ஒரு சொல்லைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு வினாவுக்கு விடையாகவும், முழுச்சொல் இறுதி வினாவுக்கு விடையாகவும் வருமாறு பாடுவது அது. உரையில் வரும் எடுத்துக்காட்டுப் பாடல் கேட்கும் வினாக்கள் இவை: பூமகள் யார்? போகின்றவனை அனுப்புபவன் என்ன சொல்வான்? சரத்துக்குப் பெயர் என்ன? அழகுக்குப் பெயர் என்ன? பிறை சூடிய பெருமான் விரும்பி உறையும் இடம் எது? விடைகள் முறையே திரு, ஏகு, அம்பு, அம்; எல்லாம் சேர்ந்தால் காஞ்சியிலுள்ள திருவேகம்பம். நம் ஒட்டுசுட்டான் குறிப்பும் இதே அமைப்புத்தான். இன்னும் சொல்லப்போனால், வினாவுத்தரம் நம்மைவிட நேர்மையானது. அது இறுதியில் முழுச்சொல்லின் பொருளையும் கேட்டுவிடுகிறது. அதே நூல் சொல்லும் ‘கரந்துறைச் செய்யுள்’, ஒரு பாடலின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாடலை ஒளித்து வைப்பது. ‘அக்கரச்சுதகம்’ எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்கி வெவ்வேறு சொற்களைப் பெறுவது. தவளையின் தலையை எடுத்தால் வளை, கவலையின் தலையை எடுத்தால் வலை என்று குறிப்பு எழுதும் எவரும் அந்தப் பழைய விளையாட்டையே ஆடுகிறார்.

முல்லைத்தீவு வாசகர் இதை எனக்கு எதிராகவே எடுத்துக் காட்டலாம். திருவுக்கும் ஏகுவுக்கும் நடுவே ஒரு ‘வ்’ தோன்றுகிறது. ஏகுவின் உகரமும் அம்புவின் உகரமும் கெடுகின்றன. பழைய புலவர் புணர்ச்சியை ஏற்றுக்கொண்டுதான் விளையாடினார். செய்யுளைக் காதால் கேட்பவருக்கு அது தடையாகவில்லை. எழுத்துகளை எண்ணிக் கட்டத்தில் வைப்பவருக்கு அது தடை. புணர்ச்சியை மட்டுமே விதியாகக் கொண்ட தனிப் புதிர் ஒன்றை அமைத்தால் அதில் முல்லைத்தீவுக்கு முதலிடம் கொடுக்கலாம்.

இளைஞர், புதுக்குடியிருப்பு: விடை தெரியாதபோது கைத்தொலைபேசியில் தேடிப் பார்ப்பது பிழையா?

ஊர், ஆறு, மன்னர் பெயர் போன்ற தகவல்களைத் தேடுங்கள். தெரியாத தகவலை யோசித்துப் பெற முடியாது. விளையாட்டுக் குறிப்பின் விடையைத் தேடாதீர்கள். ‘உடை’க்கு ‘முறி’ என்று தொலைபேசி சொல்லிவிட்டால் அந்தக் குறிப்பில் உங்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை.

சனசமூக நிலைய உறுப்பினர், கனகராயன்குளம்: நிலையத்துக்கு வரும் ஒரே பத்திரிகையில் யாரோ ஒருவர் விடியற்காலையிலேயே பேனையால் புதிரை நிரப்பிவிடுகிறார். பிழையாகவும் நிரப்புகிறார்.

அவர் பிழையாக நிரப்புவது உங்கள் நல்வாய்ப்பு. திருத்துவதும் ஒரு புதிர்தான். மற்றப்படி, சதுரக் கோடிட்ட கொப்பி ஒன்றை மேசையில் கட்டி வையுங்கள். கட்டத்தை அதில் படியெடுத்துப் பென்சிலால் நிரப்பினால் பத்துப் பேர் ஒரே புதிரை அவிழ்க்கலாம்.

தமிழ் ஆசிரியை, பூநகரி: என் மாணவர்களுக்கு இதே போன்ற புதிர் ஒன்றை அமைக்க விரும்புகிறேன். எப்படித் தொடங்கலாம்?

கட்டத்தை வரைந்துவிட்டுச் சொற்களைத் தேடினால் துன்பப்படுவீர்கள். முதலில் கருச்சொற்களைத் திரட்டுங்கள். அவற்றின் எழுத்துகளை எண்ணி, ஒரே நீளமுள்ளவற்றைச் சோடியாக்குங்கள். சோடி கிடைக்காத சொல் எவ்வளவு அழகானதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். சோடிகளை எதிரெதிரே வைத்த பிறகுதான் கறுப்புக் கட்டங்களும் சிறு சொற்களும். புள்ளியெழுத்து நிறைந்த சொற்களை அருகருகே அடுக்காதீர்கள். ‘ச்’சுக்கும் ‘ட்’டுக்கும் நேர்கீழே இறங்கும் சொற்களைத் தேடுவதற்குள் மாலையாகிவிடும். கருச்சொல்லின் ஒவ்வொரு பாதியும் மாணவர் அறிந்த சொல்லாக இருக்க வேண்டும். பாதி ஊர்ப்பெயர், பாதி அகராதிச் சொல் என்று வைத்தால் அவர்கள் அவிழ்க்க மாட்டார்கள், ஊகிப்பார்கள்.

உங்கள் பகுதியிலேயே நல்ல சொல் இருக்கிறது. பூநகரிக் கரைக்கு அப்பால் இரணைதீவு. கிளிநொச்சிக்கு நீர் தரும் இரணைமடு. இரண்டும் ஐந்து எழுத்துகள், இரண்டிலும் ஒற்று மிகவில்லை, எதிரெதிரே வைக்கவும் பொருந்தும். ஆனால் முதற்பாதி இரண்டிலும் ஒன்றே என்பதால், ஒன்றை அவிழ்த்தவருக்கு மற்றது இலவசமாகிவிடும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு எதிரே வேறோர் ஐந்தெழுத்து ஊரைத் தேடுங்கள். இரட்டையை ‘இரணை’ என்பது வீட்டில் மூத்தோர் பேச்சில் இருந்தாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே அதன் முதல் மூன்று கட்டங்களுள் இரண்டையாவது எளிய சொற்கள் வெட்டிச் செல்லுமாறு அமையுங்கள்.